மெரினாவில் தண்டாலா? ஜிம்மில் தம்புள்ஸா?

சென்னை,

விடிந்தும் விடியாத நேரம். மெரினா காந்தி சிலை பக்கம் போய்ப் பார்த்தால் நடப்பவர்கள் ஒரு பக்கம், ஓடுபவர்கள் ஒரு பக்கம். வட்டமாக நின்று தண்டால், பஸ்கி எடுக்கும் கோஷ்டிகள் இன்னொரு பக்கம்.

செலவு? ஒரு ஜோடி ஷூ! அவ்வளவுதான்.

அதே நேரத்தில் நகரில் தெருவுக்குத் தெரு ஜிம்களிலும் விளக்கு எரிகிறது. எது நல்லது?

கோஷ்டியின் பலம்

தனியாகப் போகிறவருக்கு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தோன்றும். கோஷ்டியில் அந்தப் பாச்சா பலிக்காது. "என்ன சார், நேத்து ஆளையே காணோம்?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். கடல் காற்று இலவசம்.

ஆனால் மழை கொட்டினால் எல்லாம் போச்சு! போகிப் புகையில் மூச்சிரைக்க ஓடுவதும் நல்லதல்ல.

ஜிம்மின் பலம்

ஜிம்மில் மழை, வெயில் கவலை இல்லை. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கட்டணத்தின் மீதான ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சியும், 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு. நடையோடு நிறுத்துகிறவர்கள் பாதிக் கிணறுதான் தாண்டுகிறார்கள். மீதி ஜிம்மில் கிடைக்கும். தண்டால், பஸ்கியிலும் கிடைக்கும்!

உயிர் விஷயம்

2021 அக்டோபர் 29-ந்தேதி கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் பெங்களூரில் மாரடைப்பால் இறந்தார். வயது 46. அன்று காலை உடற்பயிற்சி செய்தவர். "ஜிம்முக்குப் போனாலே ஆபத்து" என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு.

நாலு சுவர் யாரையும் கொல்வதில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் இதய நோயோடு, பழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று வாட்டுவதில்தான் ஆபத்து. அது மணலில் ஓடினாலும் வரும்.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறதா? தோள், கை, தாடை வலிக்கிறதா? உடம்பு ஜில்லென்று வியர்க்கிறதா? "வாயுத் தொல்லை" என்று சோடா குடித்துக்கொண்டு நிற்கக்கூடாது. உடனே நிறுத்திவிட்டு 108-க்கு போன் போட வேண்டும்.

கடற்கரையோ, ஜிம்மோ, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். மயங்கி விழுந்தால் அந்த போனைப் போட ஒரு கை வேண்டுமே!