படகில் நாய்க்கும் இடம்

2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் லூசியானா கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காத்துநின்ற கரைகள் உடைந்து, ஊரில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. கார் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே கிளம்பிவிட்டார்கள். கார் இல்லாதவர்கள், முக்கியமாக ஏழைக் கறுப்பின மக்கள், சூப்பர்டோம் விளையாட்டரங்கில் அடைக்கலம் புகுந்து நாள்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். கடைசியில் பேருந்துகள் வந்தன. ஏறப்போன ஒரு சிறுவனின் கையிலிருந்து ஒரு வெள்ளை நாய்க்குட்டியைக் காவலர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பேருந்தில் நாய்க்கு அனுமதி இல்லை. நாயின் பெயர் ஸ்னோபால். அந்தப் பெயரைச் சொல்லிக் கதறிக் கதறிச் சிறுவன் வாந்தி எடுத்துவிட்டான் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் எழுதியது. பையனின் பெயர் அந்தச் செய்தியில் இல்லை.

காவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு வந்த உத்தரவு அது. ஓர் இருக்கை என்றால் ஒரு மனித உயிர், அதை நாய்க்கு எப்படித் தருவது என்று மேலே இருந்தவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். வீடு போய், தெரு போய், பள்ளிக்கூடம் போய், உடுத்திய துணியோடு நிற்கிற பிள்ளையிடம் மிச்சம் இருந்தது என்ன என்பதை அந்தக் கணக்கு கேட்கவே இல்லை. முந்தின வாரம் வரை அவன் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து மிஞ்சிய, அவனை அடையாளம் தெரிந்து வாலாட்டிய உயிர் அது.

ஆபத்துக் காலத்தில் வளர்ப்பு விலங்கு ஒரு சுமை என்பதே வெகுகாலமாக அரசுகளின் எண்ணம். 1939இல் பிரிட்டன் போருக்குத் தயாரானபோது, விலங்குகளைப் பாதுகாக்க என்றே அமைத்த குழு ஒரு துண்டறிக்கை வெளியிட்டது. நாய், பூனைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிடுங்கள், யாரிடமும் ஒப்படைக்க வழியில்லை என்றால் வலியில்லாமல் கொன்றுவிடுவதே கருணை என்பது அதன் சாரம். லண்டனில் அப்போது ஒரு குண்டுகூட விழுந்திருக்கவில்லை. ஆனாலும் விலங்கு மருத்துவமனை வாசல்களில் வரிசை நீண்டது. போரின் முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன என்கிறார் இதை ஆராய்ந்து புத்தகம் எழுதிய வரலாற்றாசிரியர் ஹில்டா கீன். அடுத்த ஆண்டு குண்டுமழை நிஜமாகவே பொழிந்தபோது, பொதுப் பதுங்குமிடங்களில் நாய்க்கு இடமில்லை. அதைத் தனியே விட மனம் வராமல் வீட்டிலேயே தங்கி இரவைக் கழித்தவர்கள் இருந்தார்கள்.

செர்னோபில் கதையும் இதுதான். 1986 ஏப்ரல் 26 அன்று அணு உலை வெடித்தது. மறுநாள் பிரிப்யாத் நகரத்து மக்கள் சுமார் 50 ஆயிரம் பேர் பேருந்துகளில் வெளியேற்றப்பட்டார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. நாயும் பூனையும் பின்தங்கின. அந்த மூன்று நாள் முடியவே இல்லை. கதிரியக்கத்தைச் சுமந்து திரியும் என்று அவற்றைச் சுட ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். தப்பியவற்றின் வாரிசுகள் இன்றும் அந்தத் தடைப் பகுதியில் அலைகின்றன.

நியூ ஆர்லியன்ஸில் ஒன்று மாறியது. மக்கள் கீழ்ப்படிய மறுத்தார்கள், உலகம் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. மீட்புக்கு ஆள் வந்தபோதும், இவனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மூழ்கிய வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் பலர். மறு ஆண்டு ஃபிரிட்ஸ் நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில், ஊரைவிட்டு வெளியேறாதவர்களில் 44 விழுக்காட்டினர், வளர்ப்பு விலங்கைப் பிரிய மனமில்லாததும் ஒரு காரணம் என்று சொன்னார்கள். இந்த எண் பேரிடர் மேலாண்மைக்காரர்களுக்கு விட்ட எச்சரிக்கை என்றே நான் படிக்கிறேன். நாய்க்கு இடமில்லை என்று சொன்னால் அந்த மனிதரும் படகில் ஏறமாட்டார்.

விட்டுவிட்டுப் போனவர்கள் பட்ட பாடு இன்னும் கொடியது. ஓரிரு நாளில் வந்துவிடலாம் என்று தட்டில் தீனியும் வாளியில் தண்ணீரும் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். வாரக்கணக்கில் திரும்ப முடியவில்லை. தன்னார்வலர்கள் பூட்டிய வீடுகளை உடைத்து உள்ளே போனார்கள். கோன்ஸாலெஸ் என்ற ஊரின் லமார்-டிக்சன் கண்காட்சித் திடல் விலங்கு முகாமாயிற்று. ஆயிரக்கணக்கில் வந்து குவிந்ததும் நாய்களையும் பூனைகளையும் தொலைதூர மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே வேறு குடும்பங்கள் அவற்றைத் தத்தெடுத்தன. பல மாதம் கழித்து, தற்காலிக முகாமிலிருந்து ஒருவழியாக நிமிர்ந்த பழைய எஜமானர் தேடிப்போனால், நாய்க்குப் புதுப் பெயர், புது வீடு. சில தகராறுகள் நீதிமன்றம் வரை போயின. 2009இல் வெளிவந்த ‘மைன்’ என்ற ஆவணப்படம் இந்தக் குடும்பங்களைப் பின்தொடர்ந்தது. எல்லாம் இழந்த ஒரு முதியவர் ஒரு நாய்க்காக ஏன் இத்தனை அலைகிறார் என்று கேட்பவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்னோபால் செய்தியின் சூடு ஆறும் முன்பே அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் டாம் லாண்டோஸ். ஹங்கேரியில் பிறந்த யூதர், நாஜிகளின் இன அழிப்பிலிருந்து உயிர் தப்பியவர். 2006 மே மாதம் கீழவையில் 349 பேர் ஆதரித்தார்கள், 24 பேர் எதிர்த்தார்கள். அக்டோபர் 6ஆம் தேதி அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். மத்திய பேரிடர் நிதி வேண்டும் என்றால், மாநிலமும் உள்ளாட்சியும் தங்கள் வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்பு விலங்குகளுக்கும் வழி சொல்லியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் சாரம்.

சட்டம் காகிதத்தில் நின்றுவிடவில்லை. 2008இல் குஸ்தாவ் சூறாவளி அதே நகரத்தை நோக்கி வந்தபோது, சொந்த வண்டி இல்லாதவர்களை ஏற்றிய இடத்திலேயே விலங்குகளையும் பதிவு செய்தார்கள். உரிமையாளர் கையிலும் நாயின் கழுத்திலும் ஒரே அடையாள எண். கூண்டில் வைத்துத் தனி லாரிகளில் அனுப்பி, பின்னர் உரிமையாளரிடம் திரும்ப ஒப்படைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில், அதே ஊரில் நடந்த மாற்றம் இது. ஓர் அரசு மனம் வைத்தால் இவ்வளவுதான் வேலை என்று நினைக்கும்போது, ஸ்னோபாலுக்காக அழுத பையன் மனத்தில் வந்துபோகிறான்.

வளர்ப்பு விலங்கு தரும் ஆறுதலை ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாகவே அளந்து பார்த்து வருகிறார்கள். 1980இல் எரிகா ஃபிரீட்மன் குழு, இதயநோய்க்காகத் தீவிர சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்தது. விலங்கு வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்திருந்தார்கள், வளர்க்காத 39 பேரில் 11 பேர். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைத் தரவில்லை. எனக்கு அதைவிட அழுத்தமாகப் படுவது கத்ரீனாவுக்குப் பின் 2009இல் வெளியான ஓர் ஆய்வு. வருமானம் குறைந்த தாய்மார்களைப் பற்றியது அது. புயலுக்கு முன்பே அவர்களுடைய மனநிலை பதிவாகியிருந்தது என்பதுதான் அதன் பலம். மற்ற இழப்புகளைக் கழித்துப் பார்த்த பிறகும், வளர்ப்பு விலங்கை இழந்தவர்களிடம் மனவேதனை தனியே கூடுதலாக நின்றது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள், அறிவுரை சொல்வார்கள், பத்தாம் நாளோடு வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். நாய் எதுவும் கேட்பதில்லை. காலை வந்தால் அதை வெளியே அழைத்துப் போக வேண்டும், அதற்குச் சோறு வைக்க வேண்டும். தனக்காக எழுந்திருக்க விருப்பமில்லாத மனிதரும் அதற்காக எழுந்திருக்கிறார். நிவாரண முகாமில் அந்நியர்கள் நடுவில் படுத்திருப்பவருக்கு, கைக்கெட்டும் தூரத்தில் பழகிய ஒரு முதுகு சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் தூக்கம் வருகிறது. வேளை தவறாத இந்தக் கடமையும் இந்தத் தொடுகையும்தான் பெரிய மருந்து.

மற்ற நாடுகளும் பாடம் படித்திருக்கின்றன. ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் 2011இல் ஏராளமான விலங்குகள் பின்தங்கி மடிந்த பிறகு, ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2013இல் வழிகாட்டி வெளியிட்டது. விலங்கையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள் என்பது அதன் அடிப்படை. செர்னோபில் இருக்கும் உக்ரைனிலேயே, போர் மூண்ட 2022இல் காட்சி தலைகீழானது. கீவ் நகரின் சுரங்க ரயில் நிலையங்களில் மக்கள் பூனைக்கூடையோடும் நாயோடும் பதுங்கினார்கள். போலந்தும் ருமேனியாவும் எல்லையில் தடுப்பூசிச் சான்று விதிகளைத் தளர்த்தின. உக்ரைனில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் தங்கள் நாய், பூனையோடு தாயகம் திரும்ப இந்திய அரசும் சிறப்பு விலக்கு அளித்தது.

குறைகளும் இருக்கின்றன. அமெரிக்கச் சட்டம் அரசின் திட்டங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் விடுதிகளை அது கட்டாயப்படுத்தவில்லை. நாய் என்றாலே நடுங்குகிறவர்கள், ஒவ்வாமையால் மூச்சுத் திணறுகிறவர்கள் முகாமில் இருப்பார்கள். அவர்களுக்காகத் தனி அறை, தனிக் கூடம் வேண்டும். அது நியாயமான கோரிக்கை.

நம் கடற்கரைக்கு வருவோம். புயல் எச்சரிக்கை வந்தால் ஆடு மாடுகளைக் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிடுங்கள் என்று நம் அதிகாரிகள் அறிவிப்பது வழக்கம். நல்ல வழக்கம் அது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, ஆளோடு ஆளாக நாய்களும் பூனைகளும் மீட்கப்பட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் முகாம் திறக்கும்போது, நாயோடு வருகிறவரை எங்கே தங்கவைப்பது என்பதை ஒவ்வொரு மாவட்டத் திட்டமும் ஒரு வரியாவது எழுதிவைக்க வேண்டும். ஒரு வகுப்பறையும் சில கயிறுகளும் போதும்.

நீங்கள் வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர் என்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தடுப்பூசிச் சான்று, கழுத்துப்பட்டை, கயிறு, மூன்று நாள் தீனி, உங்களோடு சேர்த்து எடுத்த ஒரு படம் ஆகியவற்றை ரேஷன் அட்டை இருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள். கிளம்பும்போது கையோடு கூட்டிப் போங்கள். எந்த வழியும் இல்லாமல் விட்டுப் போக நேர்ந்தால், தயவுசெய்து சங்கிலியை அவிழ்த்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள்.