ஒர்க்-அவுட் ஆரம்பிச்சதும் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி: சுளுக்கா, நரம்பா? கண்டுபிடிப்பது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் காலை முதல் மாலை வரை தையல் மெஷின் முன் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு பக்கம். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். இவர்களில் ஒருவர், 'வெயிட் போட்டுடுச்சே' என்று ஜிம்மில் சேர்கிறார் என வைத்துக்கொள்வோம். பத்தே நாளில் இடுப்பில் பிடிப்பு. அடுத்து பின்தொடை வழியாகக் காலுக்கு வலி இறங்குகிறது.

"சுளுக்குதான், எடுத்துவிட்டா சரியாயிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "டிஸ்க் நகர்ந்திருக்கும், ஆபரேஷன்தான்" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே அவசர முடிவுகள். உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

உள்ளே நடப்பது என்ன?

இடுப்புப் பகுதியில் 5 முதுகெலும்புகள் உள்ளன. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பதுதான் டிஸ்க். குனியும்போது டிஸ்க்கின் முன்பக்கம் அழுந்தி, உள்ளே இருக்கும் ஜவ்வு போன்ற பகுதி பின்பக்கமாகத் தள்ளப்படுகிறது. எட்டு மணி நேரம் கூன் போட்டு உட்கார்ந்துவிட்டு, அதே முதுகை வளைத்து தரையிலிருந்து எடை தூக்கினால் அந்த அழுத்தம் இன்னும் கூடும். பிதுங்கிய டிஸ்க் நரம்பின் வேரை உறுத்தினால் வலி காலில் தெரியும். இதைத்தான் 'சியாட்டிகா' என்கிறார்கள்.

ஆனால் எல்லா கால் வலியும் டிஸ்க் வலி அல்ல.

* தசைப்பிடிப்பு: வலி இடுப்பு அல்லது தொடையோடு நின்றுவிடும். பெரும்பாலும் முழங்காலைத் தாண்டாது.
* நரம்பு வலி: முழங்காலுக்குக் கீழே, பாதம் வரை மின்சாரம் பாய்வது போல இழுக்கும். இருமினால், தும்மினால் அதிகமாகும்.
* நரம்புப் பாதை சுருங்குதல்: வயதானவர்களுக்கு நடந்தால் கால் கனக்கும். உட்கார்ந்தாலோ, முன்னால் சாய்ந்தாலோ குறையும்.
* ரத்த ஓட்டக் குறைவு: நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், சும்மா நின்றாலே குறைந்துவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் சுகர் உள்ளவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

டாக்டர் எப்படிப் பரிசோதிப்பார்?

நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்லத் தூக்குவார். 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே வலி இறங்கினால் நரம்பு உறுத்தப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். பின்தொடை மட்டும் இழுத்தால் அது தசை இறுக்கமாக இருக்கலாம்.

அடுத்து நுனிக்காலிலும் குதிகாலிலும் நடக்கச் சொல்வார். கால் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி பலம் பார்ப்பார். கட்டைவிரல் பக்கம் மரத்தால் ஒரு நரம்பு, சுண்டுவிரல் பக்கம் மரத்தால் இன்னொரு நரம்பு. இப்படி எந்த இடத்தில் பிரச்சனை என்பதை ஸ்கேன் இல்லாமலே ஓரளவு சொல்லிவிட முடியும்.

உடனே எம்.ஆர்.ஐ எடுக்கணுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் தெரிவது சகஜம். சுமார் 6 வாரம் ஆகியும் குறையவில்லை, அல்லது காலில் பலம் குறைகிறது என்றால் ஸ்கேன் அவசியம்.

சிகிச்சை என்ன?

நாள் கணக்கில் படுத்தே இருப்பதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு சின்னச் சின்னதாக நடக்கத் தொடங்கலாம். சிட்-அப், குனிந்து பாதத்தைத் தொடுவது, தரையிலிருந்து எடை தூக்குவது ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும்.

டிஸ்க் வலி உள்ள பலருக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகளில் ஒன்று, குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்துவது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காலில் இருந்த வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால் அது நல்ல அறிகுறி. பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். நரம்புப் பாதை சுருங்கியவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம் என்பதால், வீடியோ பார்த்து தானாகச் செய்யக் கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடுவதும் ஆபத்து. கிட்னி பிரச்சனை, அல்சர், பி.பி உள்ளவர்களுக்கு அது வேறு சிக்கலைக் கொண்டுவரும். சியாட்டிகா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே குறைகிறது.

இதெல்லாம் வந்தால் காத்திருக்கவே கூடாது

* சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது கட்டுப்பாடு இல்லாமல் போவது
* இரண்டு தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது
* பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது
* முதுகுவலியுடன் காய்ச்சல், எடை குறைவு. முதுகெலும்பு டி.பி-யாகவும் இருக்கலாம்.

முதல் இரண்டும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். இந்த நிலையில் சுளுக்கு எடுப்பது, முதுகை மிதிப்பது எல்லாம் விபரீதம்.

லீவு போட்டா சம்பளம்?

வலியோடு வேலைக்குப் போகப் பலருக்கும் காரணம் இந்தக் கவலைதான். இ.எஸ்.ஐ திட்டத்தில் இருக்கும் தொழிலாளர், தகுதியான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்து, டாக்டர் சான்று கொடுத்தால், சம்பளத்தில் 70 சதவீதத்தை ஆண்டுக்கு 91 நாட்கள் வரை நோய்க்கால உதவியாகப் பெறலாம்.

இந்த வட்டாரத்துக்கு மறுவாழ்வு மருத்துவம் புதிதல்ல. 1954-ல் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ்தான் வேலூர் சி.எம்.சி-யில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையமும் திறக்கப்பட்டது.

வலி குறைந்ததும் மறுபடி ஜிம்முக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். முதலில் நடை, அடுத்து எடையில்லாத பயிற்சி, கடைசியில் குறைந்த எடை. மெஷினில் உட்காரும் நாட்களில், முடிந்தபோதெல்லாம் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்தாலே முதுகுக்குப் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.