பழைய இசை அரங்கைக் காணும் முறை: கிளாஸ்கோ பிரிட்டானியா பனாப்டிகான்

‘இசை அரங்கு’ என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது, அவையோர் அமைதியாக அமர்ந்து கேட்கும் கச்சேரி மண்டபம். 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் ‘மியூசிக் ஹால்’ என வழங்கியது அதுவன்று. மதுக்கடைகளை ஒட்டிய பாட்டறைகளிலிருந்து வளர்ந்த உழைப்பாளர் அரங்கு அது. 1843ஆம் ஆண்டின் நாடக அரங்குச் சட்டம், நாடகம் நடத்தும் அரங்குகளையும் மது வழங்கும் பாட்டரங்குகளையும் வெவ்வேறு உரிமங்களின்கீழ்ப் பிரித்தது. ஆகவே, பின்னவற்றில் நகைச்சுவைப் பாட்டும் நடனமும் உடல்வித்தையுமே நிகழ்ச்சிகளாயின. மக்கள் குடித்தும் புகைத்தும், பாட்டின் பல்லவியைக் கலைஞரோடு சேர்ந்து பாடியும் அவற்றைச் சுவைத்தனர்.

மரத்தாலான உட்கட்டமைப்பு, எரிவாயு விளக்கு, புகைக்கும் கூட்டம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியதால் இவ்வரங்குகள் பல தீக்கிரையாயின. எஞ்சியவற்றைத் திரைப்பட அரங்குகளும் நகரச் சீரமைப்பும் விழுங்கின. தப்பிய சிலவற்றுள் ஒன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், டிரான்கேட் தெருவிலுள்ள பிரிட்டானியா பனாப்டிகான்.

அரங்கின் வரலாறு

1850களின் இறுதியில், கடைகளுக்கு மேலமைந்த தளத்தில் இவ்வரங்கு எழுந்தது. ஆலைகளிலும் கப்பல் கட்டும் துறையிலும் உழைத்தோர் மரப் பலகைகளில் நெருக்கியமர்ந்து நிகழ்ச்சிகளைக் கண்டனர். பிடிக்காத கலைஞர்மீது கையில் கிடைத்ததை வீசுவதற்கும் அவர்கள் பெயர்பெற்றவர்கள். 1896இல் இங்கே திரைப்படமும் காட்டப்பட்டது.

1906இல் ஏ. இ. பிக்கார்டு என்பவர் அரங்கை ஏற்று, மெழுகுச் சிலைக் காட்சியையும் விலங்குக் காட்சியையும் சேர்த்தார். அவர் சூட்டிய ‘பனாப்டிகான்’ என்னும் பெயர் கிரேக்க வேர்களையுடையது. ‘எல்லாவற்றையும் காணுமிடம்’ என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் 16 வயது இளைஞர் ஒருவர் இம்மேடையில் முதன்முதலாக நகைச்சுவை நிகழ்த்தினார். பின்னாளில் ‘லாரல், ஹார்டி’ இணையரில் ஒருவராக உலகம் அறிந்த ஸ்டான் லாரல் அவரே.

1938இல் அரங்கு மூடப்பட்டது. கட்டடம் தையல் தொழிலுக்கு மாறியபோது இடையில் பொய்க்கூரை ஒன்று அமைக்கப்பட்டு, மேல்மாடம் அதற்கு மேலே மறைந்தது. இடிப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் எவரும் நினைக்காததால் அப்பகுதி அப்படியே நின்றது. 1990களில்தான் ஆர்வலர்கள் அதை மீட்கும் பணியைத் தொடங்கினர். இன்று ஸ்காட்லாந்தின் ‘ஏ’ வகைப் பாதுகாப்புப் பட்டியலில் இக்கட்டடம் உள்ளது. தொண்டர்களின் முயற்சியால் நிகழ்ச்சிகள் மீண்டும் நடைபெறுகின்றன. முழுமையான சீரமைப்போ இன்னும் நிறைவேறவில்லை.

எதைப் பழுதுபார்ப்பது?

இத்தகைய அரங்கினுள் நுழையும் நாம் முதலில் காண்பவை உரிந்த வண்ணமும் உதிர்ந்த சுதையுமே. ‘இதற்குப் புதிதாக வண்ணம் பூசினால் போதுமே’ என்னும் எண்ணம் எழுவது இயல்பு. பாதுகாப்புப் பணியின் ஒழுங்கோ வேறு. முதலில் கூரையும் நீர்வடிகாலும் சீராக வேண்டும். நீர் இறங்கும் வரையில் உள்ளே செய்யும் பணி எதுவும் நிலைக்காது. அடுத்து, உளுத்த மரங்களைத் தாங்குதிறன் நோக்கி ஆராய வேண்டும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரைச் சிமெண்டால் மூடினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லையே அரிக்கும். ஆதலால் பழைய சுவருக்கு மீண்டும் சுண்ணாம்பே ஏற்றது. தீத்தடுப்பும் வெளியேறும் வழிகளும் இன்றைய விதிகளுக்கு இணங்க வேண்டும். வண்ணமும் அழகும் இவற்றிற்குப் பின்னரே.

அழகுபடுத்தும் அவசரத்தில் மற்றோர் இழப்பும் நேரும. பிரிட்டானியாவின் தரைப்பலகைகளின் இடுக்குகளில் பொத்தான்களும் சிகரெட்டுப் பெட்டிகளும் கிடைத்தன. அங்கே அமர்ந்திருந்தோருள் பெரும்பாலோர் தம் வாழ்வை எழுதி வைத்தவரல்லர். அவர்கள் தவறவிட்ட பொருள்களே அவர்களைப் பற்றிய ஆவணங்கள். பலகைகளை ஒரேயடியாகப் பெயர்த்தெறிந்திருந்தால் அவையும் குப்பையோடு போயிருக்கும்.

இலண்டனின் கிழக்குப் பகுதியிலுள்ள வில்டன்ஸ் அரங்கு இதற்கு நல்ல முன்மாதிரி. 1859இல் திறக்கப்பட்டு, 1877இல் தீயால் அழிந்து மீண்டும் கட்டப்பட்ட அது, பின்னர் மெதடிஸ்டு சமயப்பணி மன்றமாகவும் கந்தல் துணிக் கிடங்காகவும் இருந்தது. 2015இல் நிறைவுற்ற சீரமைப்பு கட்டடத்தை உறுதிப்படுத்தியது. ஆனால் சுவர்களில் காலம் பதித்த தடங்களைத் துடைத்தழிக்கவில்லை.

தமிழ் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. புறநானூற்றில் ஏடு சிதைந்த இடங்களைப் பதிப்பாசிரியர்கள் தம் சொற்களால் நிரப்பாமல் புள்ளியிட்டுக் காட்டினர். எஞ்சியதைக் காத்தனர், இழந்ததை இழந்ததாகவே அறிவித்தனர். கட்டடத்திற்கும் அந்நேர்மை பொருந்தும்.

எனினும், பழையது யாவும் போற்றத்தக்கதன்று. மழைநீர் அரித்த உத்தரம் வெறும் சேதம். அதை மாற்றியே ஆகவேண்டும். பல்லாயிரம் கால்கள் தேய்த்த படியோ சான்று. அதைக் காக்க வேண்டும். மாணவர்களைப் பழைய கட்டடமொன்றிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், கட்டிய ஆண்டைக் குறித்துக்கொள்ளச் சொல்வதோடு நிறுத்தாமல், ‘இங்குச் சேதம் எது, சான்று எது?’ என்று வினவலாம். அவ்வினாவிற்கு விடை தேடும் மாணவர், இங்கு வந்து சென்ற எளிய மக்களையும் வரலாற்றில் சேர்த்துக் காணப் பழகுவர்.