கடலுக்குள் மீனை அளக்கும் கேமரா!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. யானைக்கவுனிப் பக்கத்திலிருந்து ராயபுரம் தாண்டிக் காசிமேட்டுக்குக் கூட்டம் போகிறது. எல்லோர் கையிலும் பை!

விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்குகிறது. சங்கரா, கானாங்கெளுத்தி, இறால்... அவற்றோடு விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளும் வருகின்றன.

குஞ்சுகளைக் குழம்புக்கு வாங்க ஆள் இல்லை. அவை மீன்தூளாகிக் கோழித்தீவனத்தில் சேருகின்றன. வளர விட்டிருந்தால் ஒரு குடும்பத்துக்குக் குழம்பாகி இருக்கும்!

ஏன் விடவில்லை? இழுவலைக்குள் என்ன நுழைகிறது என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. வலை மேலே வந்த பிறகே தெரியும். அதற்குள் பெரும்பாலான குஞ்சுகள் செத்துவிடும்.

இரண்டு கண்கள்

இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது. இழுவலை நீளமான பை போன்றது. அது குறுகும் இடத்தில் இரண்டு கேமராக்களையும் விளக்குகளையும் பொருத்துகிறார்கள். அமெரிக்காவில் அலாஸ்கா கடலில் மீன் கணக்கெடுக்கும் விஞ்ஞானிகள் 2010-ல் இந்த முறையை வெளியிட்டார்கள். நார்வேயிலும் இதுபோன்ற கருவி செய்திருக்கிறார்கள்.

கேமரா எதற்கு இரண்டு? மூக்குக்கு நேராக ஒரு விரலை நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்து, மறு கண்ணை மூடுங்கள். விரல் நகர்வது போலத் தெரிகிறதல்லவா? பொருள் கிட்டே இருந்தால் அதிகம் நகரும். தூரத்தில் இருந்தால் குறைவாக நகரும். இதைக் கொண்டு கம்ப்யூட்டர் மீனின் தூரத்தைக் கணக்கிடுகிறது. தூரம் தெரிந்தால் நீளமும் தெரிந்துவிடும்!

அலாஸ்காவில் வலையின் கடைசி முனையைத் திறந்தே வைக்கலாம் என்று கண்டார்கள். மீனைப் படம் எடுத்து, 'போய் வா' என்று உயிரோடு அனுப்பிவிடலாம்!

நம் கடலில்?

ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தில் இந்திய மீன்வள அளவைத் தளம் இருக்கிறது. அதன் கப்பல் வலை வீசிக் கணக்கெடுக்கிறது. 1947-ல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கரையில் இறங்கும் மீனை அளக்கிறார்கள். இரண்டுமே மீன் பிடிபட்ட பிறகு எடுக்கும் கணக்கு.

கேமராவுக்கும் கஷ்டம் உண்டு. அடிக்கடலில் வலை உரசினால் சேறு கிளம்பிப் படத்தை மறைக்கும். அலாஸ்கா வலையில் பெரும்பாலும் ஒரே இன மீன். நம் வலையிலோ பல இனங்கள் கலந்து வரும். ஒவ்வொன்றின் படத்தையும் ஆயிரக்கணக்கில் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும்.

ஆனால் படம் உடனுக்குடன் படகுக்கு வந்தால், "குஞ்சுகள்தான் இருக்கின்றன, வேறு இடம் போவோம்" என்று முடிவு செய்யலாம். டீசலும் மிச்சம்!

மீன்கள் பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 61 நாள் வருமானத்தை விட்டுக் காப்பாற்றும் குஞ்சு, 62-ம் நாள் வலையில் சாகலாமா?