இடைவெளியின் பொருள்: எளிய உரையை எச்.டி.எம்.எல். வடிவுக்கு மாற்றுதல்

1. முன்னுரை

பனுவலில் இடைவெளி வெற்றிடம் அன்று. சொல் எல்லை, சீர் எல்லை, அடி எல்லை, நிரல் ஒப்பு எனப் பல பணிகளை அது ஆற்றுகிறது. எளிய உரையாகத் தட்டெழுதப்பெற்ற தமிழ்த் தரவுகளை எச்.டி.எம்.எல். வடிவுக்கு மாற்றுங்கால் இப்பணிகள் எவ்வாறு மறைகின்றன, அவற்றைக் காக்கும் வழி யாது என்பதைச் செய்யுள், இடைவரிப் பகுப்பு ஆகிய இரண்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

2. மாற்றத்தின் இயல்பு

எச்.டி.எம்.எல். வடிவில், அடுத்தடுத்து வரும் இடைவெளிகள் இயல்பாக ஒன்றாகச் சுருங்கும். வரிமுடிவும் ஓர் இடைவெளியாகவே கொள்ளப்படும். 2004இல் வெளிவந்த மார்க்டவுன் குறியீட்டு முறையில் வெற்றுவரி பத்தியைப் பிரிக்கும். பத்தியினுள் வரி முறிய வேண்டுமாயின் வரியிறுதியில் இரண்டு இடைவெளிகள் இடவேண்டும். இவை கண்ணுக்குப் புலப்படா. சில மென்பொருள்கள் கோப்பைச் சேமிக்கும்போதே இவற்றை நீக்கிவிடும். வெற்றுவரியை அடுத்து நான்கு இடைவெளி உள்தள்ளித் தொடங்கும் பாடல், கணினி நிரலின் பகுதியாகவே கொள்ளப்படும்.

3. செய்யுள்

நேரிசை வெண்பாவில் முதல் மூன்றடிகள் நான்கு சீர் பெறும். ஈற்றடி மூன்று சீர் பெறும். ஆக 15 சீர்கள். இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல்லாகும். வரிமுடிவு மறைந்தால் இவ்வமைப்பு முழுதும் உரைநடைபோல் ஒன்றிவிடும். ஒரு சொல் பிளவுபட்டு இரு சீர்களில் அமைவதை வகையுளி என்பர். அங்குள்ள சீர் இடைவெளியைச் சொல் எல்லையாகக் கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் இல்லாத சொல்லுக்குப் பொருள் தேடுவார்; சொல்லடைவும் பிழைபடும்.

ஆதலின், ஒவ்வோர் அடியையும் தனி அலகாகக் குறித்தல் வேண்டும். சிறு திரையில் அடி மடங்கினால் எஞ்சிய பகுதி உள்தள்ளி அமைய வேண்டும். இன்றேல் அது மற்றோர் அடியாக எண்ணப்படும். தனிச்சொல்லையும் அதற்கு முன்வரும் கோட்டையும் முறியா இடைவெளியால் பிணைக்கலாம்.

4. இடைவரிப் பகுப்பு

'அவன் வீட்டுக்கு வந்தான்' என்னும் தொடரின்கீழ் 'அவன் வீடு-நான்காம் வேற்றுமை வா-இறந்தகாலம்-ஆண்பால்' என எழுதுவதாகக் கொள்வோம். மேல்வரியில் மூன்று சொற்கள் உள்ளன. கீழ்வரியோ இடைவெளியால் நான்காகப் பிரிகிறது. எனவே கணினி 'வேற்றுமை' என்பதை 'வந்தான்' என்பதற்கு இணையாக்கும். 'நான்காம்.வேற்றுமை' எனப் புள்ளியிட்டு இணைத்தல் இதனைத் தவிர்க்கும். லைப்சிக் பகுப்பு விதிகளும் இத்தகைய இடங்களில் புள்ளியையே பயன்படுத்துகின்றன.

தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இராது. இடைவெளிகளை எண்ணியிட்டு நேர்ப்படுத்திய வரிகள் எழுத்துரு மாறியதும் குலையும். அட்டவணை அமைத்தல் ஒரு வழி. எனினும் நீண்ட தொடர் திரைக்குள் அடங்காது. சொல்லையும் அதன் பகுப்பையும் ஓரலகாகக் கட்டின், வரி மடங்கினும் இணை பிரியாது.

5. முடிவுரை

இடைவெளிகளை அவ்வாறே காத்துவைத்தல் தோற்றத்தை மட்டுமே காக்கும். ஒவ்வோர் இடைவெளியும் எவ்விலக்கண எல்லையைச் சுட்டுகிறது என மாற்றத்திற்கு முன்னரே வரையறுத்து, அதனைக் குறியாக எழுதுதல் வேண்டும். இம்முடிவு மென்பொருளால் இயல்வதன்று. பனுவலின் இலக்கணம் அறிந்தவரால் செய்யத்தக்கது.