நடையை நிறுத்தினால் வலி ஏன் திரும்புகிறது?

நீண்ட நாள் இடுப்பு வலி, மூட்டு வலியுடன் வருவோருக்கு மாத்திரையோடு நடைப்பயிற்சியையும் பரிந்துரைக்கிறோம். அப்போது பாகூர், வில்லியனூர் பகுதி மக்கள் பலர் இரண்டு கேள்விகள் கேட்கின்றனர். “வலிக்கும் உடம்பை அசைத்தால் வலி கூடாதா?” என்பது ஒன்று. “நாள் முழுதும் நடவு நடுகிறோமே, அது போதாதா?” என்பது மற்றொன்று. விலங்குகளில் நடந்த ஆய்வுகள் இவ்விரண்டுக்கும் தெளிவு தருகின்றன.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதுகுத்தண்டின் நரம்பு கட்டப்பட்ட எலிகள், காலை மெல்லத் தொட்டாலே இழுத்துக்கொள்ளும். அவற்றை ஓடுபொறியில் நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள், மிதமான வேகத்தில் ஓடச் செய்தனர். நரம்பின் பாதிப்பு அப்படியே இருந்தும் 3 வாரங்களுக்குள் அந்த மிகையான வலியுணர்வு தணிந்தது. மார்ஃபினின் செயலைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது பயிற்சியின் பயன் மறைந்தது. அதாவது, வலியைத் தணித்தது உடல் தானே சுரந்த, எண்டார்ஃபின் போன்ற வலிநீக்கிப் பொருளே.

கவனிக்க வேண்டியது இன்னொன்று: பயிற்சியை நிறுத்திய 5 நாள்களில் வலியுணர்வு திரும்பிவிட்டது. வலி குறைந்ததும் நடையை விட்டுவிடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் கேள்விக்கு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வு விடை தருகிறது. தசையில் சிறிது எரிச்சலூட்டிச் சோர்வடையும் வரை வேலை வாங்கியபோது, அசைவின்றி வளர்ந்த சுண்டெலிகளுக்கு வலி நீடித்தது. 8 வாரம் சக்கரத்தில் தாமே ஓடிப் பழகிய சுண்டெலிகளுக்கு அவ்வாறு நேரவில்லை. வேலையற்ற மாதங்களில் ஓய்ந்திருந்து, நடவு தொடங்கியதும் நாள் முழுதும் குனிவது திடீர்ச் சுமை. அன்றாட நடையோ அச்சுமைக்கு உடலை ஆயத்தப்படுத்துகிறது.

எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் அப்படியே நேரும் என்பதில்லை. மனிதரிடம் பயன் ஆளுக்கு ஆள் மாறுபடும். பெரும்பாலும் வலி முற்றும் நீங்காது, தாங்கும் அளவுக்குக் குறையும். ஆகவே ஏரிக்கரையிலோ தேர் வீதியிலோ 10 நிமிட நடையில் தொடங்குங்கள். வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். வலி குறைந்த நாளில் அளவை மீற வேண்டாம். கூடிய நாளில் குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். மாத்திரையை எங்களைக் கேளாமல் விடாதீர்கள்.

கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீர் அடைப்பு அல்லது அடங்காமை ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சலோ காரணமின்றி எடை குறைதலோ இருந்தாலும் காலம் தாழ்த்த வேண்டாம். இதய நோயாளிகள் எங்களிடம் கேட்ட பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். “நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது அன்பே. ஆயினும், மாலையில் அவர்களுடன் சேர்ந்து நடப்பது அதனினும் பெரிய உதவி.