பழைய லேப்டாப்புகளுக்கு ஒரே இணைப்பு



கல்வி உதவித்தொகைக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது நம் பிள்ளைகள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். பிரவுசிங் சென்டரில் கூட்டம். செல்போனில் முயன்றால் சான்றிதழ் ஏறாது. போன வருடம் ஒரு மாணவி இரவு வரை காத்திருந்தும் விண்ணப்பத்தை முடிக்க முடியாமல் ஒரு வருடத் தொகையை இழந்தார். அதற்குப் பிறகுதான் நம் படிப்பகத்தில் கம்ப்யூட்டர் வைப்பது என்று முடிவு செய்தோம்.

புதிதாக வாங்கப் பணமில்லை. ஆனால் அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே நம் மாவட்டத்துக் காக்களூரில்தான். அப்போது பிளஸ் டூ படித்தவர்கள் இன்று பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். லேப்டாப் பீரோ மேல் கிடக்கிறது. கேட்டதும் ஆறு கிடைத்தன. பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரில் ஓடும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டதால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினோம்.

இணைப்பது கடினமில்லை. வெளியிலிருந்து வரும் இணைய லைன் ரவுட்டரில் முடிகிறது. அதில் பெரும்பாலும் நான்கு துளைகள்தான் இருக்கும். அதனால் எட்டுத் துளை சுவிட்ச் ஒன்று வாங்கினோம்: ரவுட்டருக்கு ஒன்று, லேப்டாப்புகளுக்கு ஆறு, பிரிண்டருக்கு ஒன்று. வைஃபை போதாதா என்று கேட்டார்கள். பழைய லேப்டாப்பில் வைஃபை பலவீனம். பாதி விண்ணப்பத்தில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் இரண்டு முனையிலும் ஒரே நிற வரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டடத்துக்கு மட்டும் இந்தக் கேபிளை மொட்டை மாடி வழியாக இழுக்காதீர்கள். இடி மின்னலில் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கும், 192.168.1.5 என்பது போல. தெருவில் வீட்டுக் கதவு எண் மாதிரிதான். இந்த எண் அவ்வப்போது மாறலாம். லேப்டாப்புக்கு அதனால் கஷ்டமில்லை. பிரிண்டருக்கு மாறினால் கரண்ட் போய் வந்த மறுநாள் "பிரிண்டரைக் காணோம்" என்று வரும். அதற்கு மட்டும் நிலையான எண் ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஆறும் ஒன்றாக நின்றுவிட்டன. லைன் கொடுத்தவரைத் திட்டித் தீர்த்தோம். பார்த்தால், கூட்டிப் பெருக்கிய பையன் தரையில் கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் அதே சுவிட்சில் செருகி வைத்திருக்கிறான். அப்படிச் செய்தால் தகவல் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிப் பெருகி மற்ற எதற்கும் வழிவிடாது. பிடுங்கியதும் சரியானது. லைன்காரரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. விண்ணப்பத்தில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. தொடங்கிய முதல் வாரத்திலேயே நான்கு குடும்பங்களின் வருமானச் சான்றிதழ்கள் திரையில் அப்படியே கிடந்தன, யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி. இப்போது பிள்ளைகளுக்குத் தனி லாகின் வைத்திருக்கிறோம்; அணைத்ததும் அதில் சேமித்தவை தானாக அழியும். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று. நீங்களும் வீட்டில் மாற்றுங்கள், பலர் வாங்கிய நாளிலிருந்து தொடுவதே இல்லை. ஓடிபி வந்தால் பிள்ளையே போட வேண்டும். உதவிக்கு இருக்கும் எங்கள் இளைஞர்களிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

அஸர் முதல் இஷா வரை படிப்பகம் திறந்திருக்கும். பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை தனி நேரம். சான்றிதழ்களின் அசலைக் கொண்டு வாருங்கள், அங்கேயே ஸ்கேன் செய்துகொள்ளலாம். இன்னும் இரண்டு லேப்டாப் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சுவிட்சில் இடமில்லை, பதினாறு துளை சுவிட்ச் யாரிடமாவது சும்மா இருந்தால் சொல்லுங்கள்.